ஓர் அறையில் ஐந்து இயங்குதளங்கள்

(வள்ளியூரில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது அபூர்வம். அதனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பேச முயல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பள்ளிக் கணினிகளைப் பராமரித்தல்’. தூசி தட்டுவது, ஒயரைச் சரிபார்ப்பது என்றால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று நம் ஊர்ச் செம்மண்ணை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றாலைக்கு நல்லது, கணினிக்கு ஆகாது. மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, பெயிண்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். பராமரிப்பு என்றால் பலரும் நினைப்பது இதைத்தான். என் நேரத்தை அதிகம் தின்றது தூசி இல்லை. பதிப்புகள்தான்.

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியை. எங்கள் பள்ளியில் கணினி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த காலத்தில் ஆய்வகச் சாவி என் கைக்கு வந்தது. அப்புறம் கணினி ஆசிரியர் வந்துவிட்டார், நல்ல திறமைசாலி. சாவி மட்டும் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. எப்படி என்று கேட்காதீர்கள், அது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான்.

பொறுப்பு வந்த முதல் வாரம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியாக இயக்கி எழுதினேன். பதினேழு கணினிகள். விண்டோஸ் எக்ஸ்பி இரண்டு. விண்டோஸ் 7 ஐந்து. அதில் மூன்று 32 பிட், இரண்டு 64 பிட். விண்டோஸ் 10 நான்கு. மீதி ஆறில் லினக்ஸ்: சிலவற்றில் பாஸ், சிலவற்றில் உபுண்டு. உபுண்டுவிலும் எல்லாம் ஒரே பதிப்பு இல்லை. ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஐந்து இயங்குதளங்கள்!

இது எப்படி வந்தது? யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஒவ்வொரு தொகுதிக் கணினியும் வந்த வருடத்தில் எது சரியென்று தோன்றியதோ அதோடு வந்தது. 2007 வாக்கில், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸ் பக்கம் திரும்பியது. அந்தக் காலத்தில் மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் பாடம் இருந்தது, மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் சேர்ந்தே இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றது சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். இயக்கியவுடன் எது வேண்டும் என்று கேட்கும்.

அந்த ஸ்டார்ட்டர் பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 7-இன் மிகக் குறைந்த பதிப்பு அது. இரண்டு ஜிபி நினைவகத்துக்கு மேல் பயன்படுத்தாது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்றவிடாது. மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள் என்னிடம் கேட்ட முதல் தொழில்நுட்பச் சந்தேகமே, ‘டீச்சர், எங்க தங்கச்சி போட்டோவை முன்னால வைக்க முடியலையே, என்ன செய்ய?’ என்பதுதான். பாஸ் லினக்ஸில் அது முடியும். படம் மாற்றவென்றே லினக்ஸுக்குள் போனவர்கள் உண்டு. எந்தப் பிரச்சாரமும் செய்யாத வேலையை அந்தத் தங்கச்சி போட்டோ செய்தது.

பிறகு ஹைடெக் ஆய்வகங்கள் வந்தன. நன்கொடைக் கணினிகள் வந்தன. முன்னாள் மாணவர்கள் தங்கள் அலுவலகத்தில் கழித்த கணினிகளை அன்போடு கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லாம் இருப்புப் பதிவேட்டில் ‘கணினி – 1’ என்று ஏறின. மேசை, நாற்காலிக்கு அந்த வரி போதும். கணினிக்குப் போதாது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

இயங்குதளம் வேறு வேறாக இருந்தால் என்ன, எல்லாம் கணினிதானே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 2018-இல் புதிய பாடப்புத்தகங்கள் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு முதலில் வந்தன. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் கையில் பழைய சமச்சீர்ப் புத்தகமும் மீதிப் பேர் கையில் புதிய புத்தகமும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘நாற்பத்து மூன்றாம் பக்கம் எடுங்க’ என்று உங்களால் சொல்ல முடியாது. இரண்டும் நல்ல புத்தகம்தான். இரண்டிலும் கணக்கு சரிதான். ஆனால் வகுப்பு நடக்காது. எங்கள் ஆய்வகத்தில் அந்த நிலைமை தினமும் இருந்தது.

இப்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் 2019 முதல் பைத்தான் பாடம் இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் பயிற்சி நடந்தது. ஒரு மாணவி. கணினி வீட்டில் கிடையாது, அவள் விரல் பட்ட ஒரே விசைப்பலகை பள்ளியில்தான். புத்தகத்தில் உள்ளபடி எழுதியிருந்தாள்: பெயரைக் கேட்டு வாங்கி வணக்கம் சொல்லும் நான்கு வரி நிரல். ஓடவிட்டாள். ‘உன் பெயர் என்ன’ என்று கணினி கேட்டது. தன் பெயரை அடித்தாள். சிவப்பில் பிழைச் செய்தி வந்தது. அதைத் தமிழில் சொன்னால், அவள் பெயரைப் போட்டு, ‘இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை’ என்று அர்த்தம்.

அவள் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். எழுத்துப்பிழையோ என்று தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள். பக்கத்துக் கணினியில் அவள் தோழி அதே நான்கு வரியை எழுதி, அதே மாதிரி பெயர் அடித்து, வணக்கம் வாங்கிவிட்டாள். இவள் என்னிடம் வந்து, ‘டீச்சர், எம் பேரைத் தெரியாதுங்குது’ என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

காரணம் இதுதான். அவள் உட்கார்ந்திருந்தது பழைய லினக்ஸ் கணினி. அதில் ‘பைத்தான்’ என்று கட்டளை கொடுத்தால் இரண்டாம் பதிப்பு திறக்கும். புத்தகம் எழுதப்பட்டது மூன்றாம் பதிப்புக்கு. மூன்றாம் பதிப்பில் ‘இன்புட்’ என்ற கட்டளை, நாம் அடிப்பதை வெறும் எழுத்தாக வாங்கிக்கொள்ளும். இரண்டாம் பதிப்பில் அதே கட்டளை, அடித்ததை ஒரு நிரல் வரியாக எண்ணி அதற்கு மதிப்பு தேடும். ஐந்து என்று எண்ணை அடித்தால் சும்மா இருக்கும், ஏனென்றால் ஐந்துக்கு மதிப்பு ஐந்து. பெயரை அடித்தால் ‘அப்படி ஒரு மாறி இல்லையே’ என்று கோபித்துக்கொள்ளும். அந்தக் கணினியில் மூன்றாம் பதிப்பும் உள்ளே இருந்தது. ‘பைத்தான்3’ என்று எண்ணையும் சேர்த்து அடித்திருந்தால் அது திறந்திருக்கும். பைத்தான் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் அது முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் இதை விளக்கியபோது அவளுக்குப் புரிந்தது, பயமும் போனது. ஆனாலும் அந்த இருபது நிமிடம் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கணினியைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டில் கணினி உள்ள பிள்ளை ‘இது வேற வெர்ஷன் போலிருக்கு’ என்று இடம் மாறி உட்கார்ந்துவிடும். நம் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

விண்டோஸ் 7 கணினிகளில் புதிய பைத்தானை நிறுவிவிடலாமே என்று நினைத்தோம். அங்கே வேறு கதவு சாத்தியிருந்தது. பைத்தான் 3.8-தான் விண்டோஸ் 7-இல் நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு. 3.9 முதல் அதை நிறுவவே விடாது. எக்ஸ்பிக்கு 3.4 கடைசி. நல்லவேளையாக நம் பாடப்புத்தகத்துக்கு 3.8 தாராளமாகப் போதும். இணையதளத்துக்குப் போனவுடன் பெரிய பொத்தானை அழுத்தி எதைத் தருகிறதோ அதை இறக்கினால் பழைய கணினியில் ஏறாது. பழைய பதிப்புகளின் பட்டியலுக்குள் போய் 3.8-ஐத் தேடி எடுக்க வேண்டும், அதிலும் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்க்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு சி++ கதையும் இதற்குச் சளைத்ததில்லை. எங்கள் காலத்தில் கணினி படித்தவர்கள் டர்போ சி++ என்ற நீலத் திரையில் பழகியவர்கள். அது டாஸ் காலத்து 16 பிட் மென்பொருள். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடவே ஓடாது, டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். அதில் முதல் வரியில் ‘ஐஓஸ்ட்ரீம் புள்ளி எச்’ என்று எழுதுவார்கள். இன்றைய தொகுப்பிகள் அந்தப் ‘புள்ளி எச்’சை ஏற்பதில்லை. 2018 புத்தகத்தில் புள்ளி எச் இல்லை, அதற்குப் பதில் அடுத்த வரியில் ‘யூசிங் நேம்ஸ்பேஸ்’ என்று ஒன்று வரும். அக்கா படித்த பழைய செய்முறைப் பதிவேட்டைப் பார்த்துத் தம்பி எழுதுகிறான். பழைய கணினியில் ஓடுகிறது, புதியதில் ஓடவில்லை. எந்தக் கணினியில் உட்கார்கிறோம் என்பதில் மதிப்பெண் மாறுமானால் அது தேர்வே இல்லை, சீட்டுக் குலுக்கல்.

இது மேல்நிலைப் பள்ளிக் கதை, எங்களுக்கு என்ன என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நினைக்கலாம். வினாத்தாள் எல்லோரும் அடிக்கிறோமே. பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளைப் பென்டிரைவில் கொண்டுபோய் இன்னொரு கணினியில் திறந்திருக்கிறீர்களா? ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலமாய் நிற்கும். காரணம், பாமினியில் நாம் சேமிப்பது தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்தைச் சேமித்து, அதன் மேல் தமிழ் முகமூடி போடுகிறோம். அந்தக் கணினியில் முகமூடி இல்லாவிட்டால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தாம், தாப் என்ற குறியாக்கங்கள் தரமாயின, தமிழ்99 விசைப்பலகையும் வந்தது. 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறி அரசின் தரமானது. அதற்குப் பின்னும் நம் பள்ளிகளில் பாமினியும் வானவில்லும் போகவில்லை. விரல் பழகிவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. விசைப்பலகை பழையதாகவே இருக்கட்டும். சேமிப்பது மட்டும் ஒருங்குறியில் இருக்கும்படி செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எக்ஸ்பியில் மட்டும் ஒருங்குறித் தமிழ் தெரிய, மொழி அமைப்பில் போய் ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டியிருக்கும். விண்டோஸ் 7-இலிருந்து அந்தத் தொல்லை கிடையாது.

கணக்கு ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய வேர்டில் பின்னம், வர்க்கமூலம் எல்லாம் ஈக்வேஷன் எடிட்டரில் போட்டு வைத்திருப்பீர்கள். அந்த எடிட்டரில் பாதுகாப்புக் குறை இருந்ததால் 2018 ஜனவரிப் புதுப்பிப்பில் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. பழைய சமன்பாடு கண்ணுக்குத் தெரியும், தொட்டுத் திருத்த வராது. பத்து வருட வினா வங்கி எனக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த இனிப்பு மாதிரி ஆகிவிட்டது. திருத்த வேண்டியவற்றைப் புதிதாக அடித்தேன். அடித்து முடித்ததை இன்னொரு கணினிக்கு அச்செடுக்க அனுப்பும்போது பிடிஎஃப்பாக அனுப்புங்கள். வேர்டில் அடித்ததை லிப்ரே ஆபீஸில் திறந்தால் அட்டவணை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

இனி, என்னிடம் அடிக்கடி வருகிற தொலைபேசி அழைப்புகள். முதல் அழைப்பு: ‘டீச்சர், நெட் இருக்கு, ஆனா எந்தப் பக்கமும் திறக்க மாட்டேங்குது. பாதுகாப்பு இல்லைன்னு எழுதி வருது.’ நான் கேட்கும் முதல் கேள்வி, ‘வலது கீழ் மூலையில தேதி என்ன இருக்கு?’ பாதி நேரம் பதில், ‘2009-ன்னு இருக்கு டீச்சர்’ என்று வரும். தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம்போல ஒரு பேட்டரி இருக்கும். அதன் பெயர் சிஆர் 2032, மூன்று வோல்ட். அது தீர்ந்தால் கணினி அணைக்கும்போதெல்லாம் தேதியை மறந்து பிறந்த வருடத்துக்குப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் கணக்கில் இது 2009 என்றால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் பக்கத்தைத் திறக்க மறுக்கிறது. பேட்டரி கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், சில பத்து ரூபாய்தான். இதற்காக முழுக் கணினியையும் நாகர்கோவிலுக்கு ஆட்டோவில் ஏற்றிப்போன பள்ளி ஒன்று எனக்குத் தெரியும்.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் உலாவியின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் அதில் ஏறாது. ஃபயர்ஃபாக்ஸில் 115 என்ற நீண்டகாலப் பதிப்பு ஏறும். பதிவேற்றத்துக்குக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு இதைக் கண்டுபிடிப்பதைவிட, இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

இரண்டாவது வகை அழைப்பு கொஞ்சம் வருத்தமானது. ‘டீச்சர், ரிப்பேருக்குக் கொடுத்தோம், விண்டோஸ் போட்டுத் தந்துட்டாங்க, லினக்ஸ் போயிட்டு.’ இரட்டை இயங்குதளம் உள்ள கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவினால், தொடக்கத்தில் ‘எது வேண்டும்’ என்று கேட்கிற பகுதியை அது தன் பேருக்கு எழுதிக்கொள்ளும். லினக்ஸ் அழிந்திருக்காது. வீடு உள்ளே அப்படியே இருக்கிறது, வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். லினக்ஸ் பென்டிரைவ் இருந்தால் அரைமணி நேரத்தில் வாசலைத் திறந்துவிடலாம். ஆனால் எங்கள் பள்ளிக் கணினி ஒன்றில், பழுது பார்க்க எடுத்துப்போன கடைக்காரர் வட்டையே முழுவதும் அழித்துவிட்டு, தன்னிடம் இருந்த உரிமமில்லாத விண்டோஸைப் போட்டுக் கொடுத்தார். ஐந்நூறு ரூபாய். மூன்று வருட மாணவர் செயல்திட்டக் கோப்புகள் போயின. ஒரு மாதத்தில் திரை கறுத்து, உரிமம் கேட்டு எச்சரிக்கை வர ஆரம்பித்தது. அந்தக் கணினியில் செருகிய பென்டிரைவ்களில் எல்லாம் வைரஸ். அவரிடம் கேட்டால், ‘புது வெர்ஷன் போட்டிருக்கேன், அதுக்கு மேல என்ன வேணும்?’ என்றார். புதிய பதிப்பு என்றாலே நன்மை என்று அவர் மனப்பூர்வமாக நம்புகிறார். அவர் மட்டுமில்லை, நம்மில் பலரும்தான்.

எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நிற்கும், பிறகு ஒவ்வொரு மென்பொருளாகக் கைவிட்டுப் போகும். சரி, விண்டோஸ் 11-க்குப் போய்விடலாமா? அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான் ஏற்கும், 32 பிட் பதிப்பே கிடையாது. எங்கள் நான்கு விண்டோஸ் 10 கணினிகளில் ஒன்றுதான் தேறியது. மற்ற மூன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை. நன்றாக ஓடும் கணினியைப் பழையது என்று முத்திரை குத்துவது எனக்கு இன்றுவரை சம்மதமில்லை.

லினக்ஸுக்குப் போனால் இந்தத் தொல்லை எல்லாம் தீரும் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. உபுண்டு 2017-இலேயே 32 பிட் மேசைக் கணினிகளுக்கான நிறுவல் கோப்பை நிறுத்திவிட்டது. டெபியனும் 2025 ஆகஸ்ட்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவலைக் கைவிட்டது. அங்கேயும் கதவுகள் சாத்தப்படுகின்றன, கொஞ்சம் மெதுவாக, காரணம் சொல்லிவிட்டு.

நமக்குப் பக்கத்திலேயே வேறு விதமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் நாகர்கோவில், களியக்காவிளை தாண்டியதும் கேரளம். அங்கே 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற திட்டம் தொடங்கியது, இன்று அது ‘கைட்’ என்ற நிறுவனமாக இருக்கிறது. அவர்கள் ஒரு லினக்ஸைத் தங்கள் பள்ளிகளுக்கென்றே தொகுத்து, அரசுப் பள்ளிகளில் எங்கும் அதையே நிறுவினார்கள். பாடப்புத்தகம் எழுதுகிறவரும், பயிற்சி கொடுக்கிறவரும், தேர்வு வைக்கிறவரும் அதே திரையைப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பொறாமை தருவது லினக்ஸ் இல்லை. அந்த ‘அதே திரை’தான். விண்டோஸாக இருந்தாலும் எனக்குச் சம்மதமே, எல்லாக் கணினியிலும் ஒன்றே இருக்குமானால்.

எங்கள் கணினி ஆசிரியர் இதில் என்னோடு உடன்படுவதில்லை. ‘வெளியே போனால் எல்லாவற்றையும்தான் பார்க்கப் போகிறார்கள், இப்போதே பழகட்டுமே’ என்பார். பன்னிரண்டாம் வகுப்புக்கு அது சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல்முதலாகச் சுட்டியைப் பிடிக்கும்போது, நேற்று இடது பக்கம் இருந்த பொத்தான் இன்று வலது பக்கம் போனால், அது கற்றல் இல்லை, கண்ணாமூச்சி.

போன மே விடுமுறையில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில், பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள கணினிகளைத் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள். அதற்குப் புகார் பதிந்து எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியின் சொந்தக் கணினிகளில் மட்டும், தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு, கோப்புகளை எல்லாம் வெளி வட்டில் நகல் எடுத்துவிட்டுக் கைவைத்தோம். 64 பிட் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே லினக்ஸ், ஒரே பதிப்பு, எடை குறைந்த முகப்பு. ஒரு கணினியில் எல்லாம் நிறுவினோம்: பைத்தான் மூன்று, சி++ தொகுப்பி, லிப்ரே ஆபீஸ், ஒருங்குறித் தமிழ், ஜியோஜீப்ரா. அது சரியாக ஓடுகிறது என்று மூன்று நாள் பார்த்தோம். பிறகு குளோன்சில்லா என்ற இலவசக் கருவியால் அதை அப்படியே மற்றவற்றுக்குப் படியெடுத்தோம். படியெடுக்கக் கணினிக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முதல் கணினிக்குத்தான் ஒன்றரை நாள் ஆயிற்று.

எக்ஸ்பி இரண்டையும், 32 பிட் விண்டோஸ் 7 மூன்றையும் இணையத்திலிருந்து துண்டித்துவிட்டோம். அவை வீண்போகவில்லை. ஜியோஜீப்ராவின் ஐந்தாம் பதிப்பு, இணையம் இல்லாமல் விண்டோஸ் 7-இல் நன்றாக ஓடுகிறது. புதிய கணிதப் புத்தகத்தின் இணையச் செயல்பாடுகளில் பெரும்பாலானவற்றை அதில் நானே செய்து வைத்திருக்கிறேன். முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்கும்போது கோணங்களின் கூடுதல் 180-லேயே நிற்பதை ஒரு பிள்ளை பார்க்க, 2009-ஆம் வருடத்துக் கணினி ஏராளம். எக்ஸ்பி ஒன்றைப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்தோம். டக்ஸ் பெயிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அங்கே அதற்குக் கிடைக்கிற மரியாதை எங்கள் பள்ளியில் கிடைத்ததில்லை.

கைபேசி, கைக்கணினி வைத்திருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு செயலிக்கும் இந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்குக் கீழே ஓடாது என்று ஓர் எல்லை உண்டு. புதுப்பிக்கும்போது அந்த எல்லை மேலே நகரும். காலை ஒன்பதே காலுக்கு வருகைப் பதிவு போடும்போது புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால் பதறாதீர்கள். முந்தின நாள் மாலையே வீட்டில் பார்த்து வையுங்கள். கைபேசியின் அமைப்புகளில் ‘சாதனத்தைப் பற்றி’ என்ற இடத்தில் உங்கள் ஆண்ட்ராய்டு எண் இருக்கும். அதை ஒரு தடவை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரத்த வகை மாதிரி.

இனி அந்த இருப்புப் பதிவேடு. ‘கணினி – 1’ என்பதற்குப் பக்கத்தில் பென்சிலாலாவது ஐந்து கட்டம் போடுங்கள்: வாங்கிய வருடம், நினைவகம் எத்தனை ஜிபி, 32 பிட்டா 64 பிட்டா, இயங்குதளமும் அதன் பதிப்பும், ஆதரவு முடியும் தேதி. அதையே ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் எழுதிக் கணினியின் நெற்றியில் ஒட்டுங்கள். பழுது பார்க்க எடுத்துப் போனால், ‘இதில் எழுதியிருப்பதுதான் திரும்பி வர வேண்டும்’ என்று காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் கொடுக்கிறோம். முதல் தடவை கடைக்காரர் முகம் சுளித்தார். இரண்டாம் தடவை அவரே பேனாவை எடுத்தார். புதிய கணினி கேட்டு விண்ணப்பம் எழுதும்போதும் இந்த ஐந்து கட்டம் உதவும். ‘கணினிகள் பழுதடைந்துள்ளன’ என்று எழுதுவதற்கும், ‘ஏழு கணினிகளில் பாடத்திட்டப் பைத்தான் ஓடாது’ என்று எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் வந்தது.

நேரம் ஆகிவிட்டது, சாப்பாடும் வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு 16 ஜிபி பென்டிரைவ் கொண்டு வாருங்கள். நாங்கள் தொகுத்த லினக்ஸையும் ஜியோஜீப்ரா ஐந்தையும் பைத்தான் 3.8-இன் இரண்டு வகைகளையும் ஏற்றித் தருகிறேன். பீரோவுக்குள் பழைய விலையில்லா மடிக்கணினி கிடந்தால், உங்களுடையதோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளுடையதோ, அதையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். சார்ஜரை மறக்க வேண்டாம். பேட்டரி வீங்கியிருந்தால் அதை மின்சாரத்தில் செருகாதீர்கள், பையில் தூக்கிக்கொண்டும் வராதீர்கள். எனக்கு ஒரு போன் பண்ணுங்கள் போதும்.